வீடு மாறும்போது கேஸ் அடுப்பை நாமே கழற்றலாமா? முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பெரம்பூர்_மகன்:

வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை சென்னை பெரம்பூரிலிருந்து திருச்சிக்கு வீடு மாறுகிறோம். நான், மனைவி, அம்மா, மூன்று வயதுக் குழந்தை. மற்ற சாமானெல்லாம் கட்டியாகிவிட்டது, அடுப்படி மட்டும்தான் கடைசி வரை ஓட வேண்டும் என்பதால் அப்படியே இருக்கிறது. சாமான் ஏற்ற வருகிறவர்கள் "அடுப்பையும் நாங்களே கழற்றிக்கொள்கிறோம்" என்கிறார்கள், ஆனால் போன முறை வீடு மாறியபோது அவர்களில் ஒரு பையன் ரெகுலேட்டரைப் பிடித்து இழுத்ததில் புஸ்ஸென்று சத்தம் வந்து வீடு முழுக்க நாற்றம், அம்மாவுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதனால் இந்த முறை நானே கழற்றலாம் என்று நினைக்கிறேன்.

இருப்பது மூன்று பர்னர் கண்ணாடி அடுப்பு, ஆரஞ்சு நிற டியூப், 14.2 கிலோ சிலிண்டர் இரண்டு. ஒன்று காலி, ஒன்றில் பாதிக்கு மேல் கேஸ் இருக்கும். என் சந்தேகங்கள் இவைதான். எதை முதலில் மூடுவது, சிலிண்டர் பக்கமா அடுப்புப் பக்கமா? டியூப் அடுப்பு முனையில் கல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை எப்படி எடுப்பது? பாதி கேஸ் உள்ள சிலிண்டரை லாரியில் கொண்டுபோகலாமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.

பழைய_கேஸ்_மெக்கானிக்:

தம்பி, நீங்களே செய்யலாம், பயப்பட வேண்டிய வேலை இல்லை. ஆனால் அவசரப்படக் கூடாத வேலை. நான் ஒரு ஏஜென்சியில் பதினெட்டு வருடம் மெக்கானிக்காக இருந்தவன், வீடு வீடாகப் போய் இதைத்தான் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அடுப்படியில் வேறு நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நிறைய வீடுகளில் பூஜை அலமாரி அடுப்படியிலேயே இருக்கும், அதை மறந்துவிடுவார்கள். ஜன்னலையும் பின்கதவையும் திறந்து வையுங்கள். குழந்தையை வேறு அறையில் அம்மாவிடம் விட்டுவிடுங்கள்.

இனி வரிசை. சிலிண்டர் பக்கம்தான் முதலில். ரெகுலேட்டர் திருகை ஆஃப் நிலைக்கு முழுமையாகத் திருப்புங்கள். அதன் பிறகு அடுப்பின் எல்லாத் திருகுகளும் மூடியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பாருங்கள், மூன்று பர்னர் அடுப்பில் நடுவில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். அடுப்புச் சூடு ஆறட்டும்.

அப்புறம் ரெகுலேட்டரைக் கழற்றுவது. அந்தப் பையன் செய்த தப்பு, திருகை மூடாமல் பிடித்து இழுத்ததாகத்தான் இருக்கும். ரெகுலேட்டரின் அடிப்பகுதியில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும் பாருங்கள், அதை விரல்களால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரெகுலேட்டரை லேசாக அசைத்து நேர் மேலாகத் தூக்கினால் சுலபமாக வந்துவிடும். சாய்த்து நெம்பக் கூடாது, சாய்த்தால் உள்ளே இருக்கும் வாஷர் கிழியும், வால்வுக்குள் ஊசி மாதிரி நிற்கும் 'பின்' கோணலாகும். எடுக்கும்போது 'டப்' என்று மிகச் சின்னதாக ஒரு சத்தம் வரலாம், இடையில் தங்கிய துளி கேஸ் அது. சத்தம் நிற்காமல் தொடர்ந்தால்தான் கவனிக்க வேண்டும்.

எடுத்த அடுத்த நொடி, சிலிண்டரில் நூல் கட்டித் தொங்கும் மூடியை வால்வு மேல் வைத்து 'கிளிக்' என்று கேட்கும் வரை அழுத்துங்கள். இதைத்தான் நான் போகிற வீட்டிலெல்லாம் கத்திக் கத்திச் சொல்வேன். பெரும்பாலான வீடுகளில் சிலிண்டர் வந்த அன்றே அந்த மூடியை வெட்டிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள், அல்லது குழந்தை விளையாட எடுத்துக்கொள்கிறது. அந்த மூடி தூசிக்காகப் போட்டது இல்லை. வால்வு கசிந்தாலும் கேஸை வெளியே விடாமல் பிடித்து நிறுத்துவதற்காகவே செய்தது. காலி சிலிண்டருக்கும் போட வேண்டும். அடுப்பு எரியவில்லை என்றால் அழுத்தம் குறைந்துவிட்டது என்றுதான் அர்த்தம், உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை.

இப்போது டியூப். அடுப்பு முனையில் ஒட்டிக்கொண்டதை நெருப்புக் காட்டி இளக்க வேண்டாம், சிலர் லைட்டரைப் பிடிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கெட்டிலில் வெந்நீர் வைத்து, துணியை நனைத்து அந்த முனையில் இரண்டு நிமிடம் சுற்றி வைத்தால் ரப்பர் இளகும், பிறகு இடமும் வலமுமாகத் திருகித் திருகி இழுங்கள். ஒரு கையால் அடுப்பின் பித்தளை முனையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுப்புக்குள் இருக்கும் குழாயே வளைந்துவிடும். அப்படியும் வரவில்லை என்றால் வெட்டி எறிந்துவிடலாம், ஆனால் ஆரஞ்சு டியூபுக்குள் கம்பி வலை இருக்கும், பிளேடு வேலைக்கு ஆகாது, கட்டிங் பிளேயர் வேண்டும். டியூபின் மேல் தயாரித்த வருடம் அச்சடித்திருக்கும். ஐந்து வருடம் ஆகியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். புதியது வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள்.

அம்மன்_கோவில்_தெரு_அக்கா:

மெக்கானிக் அண்ணா மூடியைப் பற்றிச் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன் தம்பி, உங்கள் அம்மாவைப் பயமுறுத்த இல்லை, என்ன செய்ய வேண்டும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் கை நடுங்காது என்பதற்காக.

இரண்டு வருடத்துக்கு முன்னால் காலியான சிலிண்டரை மாற்றினேன். பழையதைக் கழற்றி வைத்தாயிற்று, புதியதில் ரெகுலேட்டரை மாட்டிப் பார்த்தால் சரியாக உட்காரவில்லை என்று திரும்ப எடுத்தேன். எடுத்ததும் சீறல் நிற்கவே இல்லை. வால்வுக்குள் இருக்கும் அந்த 'பின்' அமுங்கியபடியே மாட்டிக்கொண்டது என்று பிறகுதான் தெரிந்தது. வெள்ளையாகப் புகை மாதிரி வருகிறது, கையில் பட்டால் ஐஸ் மாதிரி குளிர். எனக்கு அந்த நிமிடம் ஒன்றுமே ஓடவில்லை. மாமியார்தான் கூடத்திலிருந்து "மூடியைப் போடு, மூடியைப் போடு" என்று கத்தினார். மூடி எங்கே என்று தேடினால், நல்லவேளை நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வைத்து அழுத்தினேன், நின்றுவிட்டது. நின்றே விட்டது, அவ்வளவு சீறலும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடியில்.

அப்புறம் நாங்கள் செய்தது: ஒரு சுவிட்சையும் தொடவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடலாம் என்று என் மகன் கை நீட்டினான், அடித்துத் தடுத்தேன் என்றே சொல்லலாம். போடும்போதும் சரி அணைக்கும்போதும் சரி சுவிட்சுக்குள் பொறி வரும். அடுப்படியில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் அங்கே அணைக்கவில்லை, மாமனார் வாசலுக்கு வெளியே இருக்கும் மீட்டர் பெட்டியில் மெயினை இறக்கினார். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் தெருவுக்குப் போய் நின்று 1906க்குப் போன் செய்தோம். அது கேஸ் கசிவுக்கென்றே இருக்கும் எண், நாள் முழுக்க எடுப்பார்கள். வீட்டுக்குள் நின்று போன் பேசாதீர்கள்.

தம்பி, அந்த எண்ணை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அம்மா போனிலும் பதிந்து கொடுத்துவிடுங்கள்.

கோவை_ஹாப்_வீடு:

மெக்கானிக் சார் சொன்ன வரிசையில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போதே ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும், டியூபில் மிச்சம் இருக்கும் கேஸ் எரிந்து தீபம் தானாக அணையும், அதன் பிறகு அடுப்புத் திருகை மூட வேண்டும். அப்படிச் செய்தால் டியூபைப் பிடுங்கும்போது அதில் ஒன்றும் இருக்காது. எங்கள் வீட்டில் ஹாப், அதாவது மேடையிலேயே பதித்த அடுப்பு, பால்கனியில் சிலிண்டர், நடுவில் பத்தடிக்கு மேல் செம்புக் குழாய். இப்படி எரித்துக் காலி செய்யாமல் கழற்றினால் குழாயில் இருப்பதெல்லாம் கேபினெட்டுக்குள்தான் போகும்.

பழைய_கேஸ்_மெக்கானிக்:

சார் சொல்வது சரிதான், நானும் அப்படிச் செய்வதுண்டு, நல்ல பழக்கம். ராத்திரி படுக்கப் போகும்போதும் அப்படித்தான் மூட வேண்டும். ஒன்றே ஒன்று, ஏற்கெனவே அடுப்படியில் கேஸ் நாற்றம் இருந்தால் எரித்துக் காலி செய்கிறேன் என்று பற்ற வைக்கக் கூடாது.

ஆனால் அளவையும் ஒரு முறை யோசித்துப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் டியூபுக்குள் பிடிக்கும் கேஸ் 70, 80 மில்லிதான், சின்னக் காபி டம்ளர் அளவு. ஜன்னல் திறந்திருந்தால் அது பெரிய விஷயம் இல்லை. சிலிண்டருக்குள் இருப்பது திரவம், 1 லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 250 லிட்டர் கேஸ். காற்றில் அது சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் நான் டியூபைவிட வால்வையும் மூடியையும் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். எரித்துக் காலி செய்தாயிற்று, இனி ஆபத்து இல்லை என்று நினைத்து மூடி போடாமல் சிலிண்டரை மூலையில் உருட்டிவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று, வீட்டு கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் பரவும், சிங்க்குக்கு அடியில், கேபினெட் அடியில், சாக்கடைக் குழியில் போய்த் தங்கும். நின்றபடி மோந்து பார்த்து நாற்றம் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள், குனிந்து சிலிண்டர் மட்டத்தில் பாருங்கள். கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். சளி பிடித்திருந்தால் மூக்கை நம்பாமல் வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரம்பூர்_மகன்:

அண்ணா, அக்கா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூடி ஒன்றுதான் இருக்கிறது, காலி சிலிண்டருக்கு மூடி இல்லை, ஏஜென்சியில் கேட்கப் போகிறேன். லாரி பற்றி யாரும் சொல்லவில்லையே? சாமான் ஏற்றுபவர் சிலிண்டரை மெத்தைக்கு நடுவில் படுக்க வைத்துக் கட்டினால் ஆடாது என்கிறார்.

திருவானைக்காவல்_வாசி:

படுக்க வைக்கவே கூடாது. நின்றபடி இருந்தால் வால்வு பக்கம் ஆவிதான் இருக்கும், படுக்க வைத்தால் திரவமே வால்வுக்கு வந்துவிடும், அப்போது துளி கசிந்தாலும் மெக்கானிக் அண்ணா சொன்ன 250 மடங்குக் கணக்குதான். மூடிய லாரியில், மெத்தைக்கு நடுவில், வெயிலில் ஐந்தாறு மணி நேரம், கேபினில் நீங்களும் குழந்தையும். வேண்டாம்.

உண்மையில் உங்களுக்குக் கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. நாங்கள் போன வருடம் தாம்பரத்திலிருந்து இங்கே வந்தோம். வேறு ஊருக்குப் போவதென்றால் சிலிண்டர்களையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியிலேயே ஒப்படைத்துவிட வேண்டும், நாம் கட்டிய டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு வவுச்சர் தருவார்கள், அதைக் காட்டி இங்கே புதிதாக டெபாசிட் கட்டினால் அதே இணைப்பு தொடரும். டெபாசிட் இப்போதைய விலைக்கு என்பதால் பழைய இணைப்பு என்றால் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். அடுப்பும் டியூபும் மட்டும் நம்முடையவை, அவற்றை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே மிச்சம் இருந்த கேஸுக்கு எங்களுக்குப் பணம் எதுவும் தரவில்லை, அதனால் கடைசிப் பத்து நாள் கணக்குப் பார்த்துப் புதிய சிலிண்டர் பதிவு செய்யாமல் இருந்தோம். உங்களுக்கு அது முடியாமல் போய்விட்டது, பரவாயில்லை, அந்தப் பாதி சிலிண்டருக்காக ஆபத்தை வாங்க வேண்டாம்.

கேஸ் புத்தகத்தை சாமானோடு கட்டிவிடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். ஞாயிறு ஏஜென்சி திறந்திருக்காது, சனிக்கிழமை காலையிலேயே முடித்துவிட்டால் நல்லது. ஒரு நாள் சாப்பாடு வெளியில் பார்த்துக்கொள்ளலாம், குழந்தைக்குப் பால் காய்ச்ச மின் கெட்டிலோ இண்டக்ஷனோ பக்கத்து வீட்டில் கேட்டால் தராமல் இருக்க மாட்டார்கள்.

செம்பூர்_தமிழன்:

இதைத் தேடி வருகிறவர்களில் குழாய் கேஸ் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். நாங்கள் மும்பை செம்பூரில் பல வருடம் இருந்துவிட்டுச் சென்னைக்கு வந்தோம். அங்கே சிலிண்டர் கிடையாது, சுவரில் மீட்டர், அதிலிருந்து குழாய். அது வேறு கேஸ், மீத்தேன், காற்றைவிட லேசானது, கசிந்தால் கூரைப் பக்கம் சேரும், அதனால் மேலே இருக்கும் வென்டிலேட்டரை அடைத்து வைக்கக் கூடாது.

அதில் அடுப்புக்கு முன்னால் ஒரு வால்வு இருக்கும், கைப்பிடி குழாயோடு ஒரே நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது. துடைக்கவோ நகர்த்தவோ அதை மூடினால் போதும். ஆனால் வீட்டைக் காலி செய்யும்போது டியூபைப் பிடுங்கிவிட்டு வால்வை மட்டும் நம்பிப் போய்விடக் கூடாது. அடுத்து வருகிறவர் என்ன என்று தெரியாமல் கைப்பிடியைத் திருப்பினால் மொத்த கேஸும் வீட்டுக்குள்தான். கம்பெனிக்கு முன்கூட்டியே சொன்னால் அவர்கள் ஆள் வந்து குழாய் முனையை அடைத்து, மீட்டர் கணக்கு முடித்துக் கொடுப்பார்கள்.

எங்களுக்குத் தெரியாமல் போன விஷயம் ஒன்று உண்டு. அந்த அடுப்பை அப்படியே சென்னையில் சிலிண்டரில் மாட்டினோம், தீ பாத்திரத்தைத் தாண்டி மஞ்சளாக எழுந்தது, பாத்திரமெல்லாம் கரி. பர்னருக்குள் கேஸ் வெளிவரும் சின்ன முனையை ஜெட் என்பார்கள், குழாய் கேஸுக்கு அதன் ஓட்டை பெரிதாக இருக்கும், சிலிண்டருக்குச் சின்னதாக இருக்க வேண்டும். மெக்கானிக் வந்து ஜெட்டை மாற்றிய பிறகுதான் நீலமாக எரிந்தது. குழாய் கேஸிலிருந்து சிலிண்டருக்கோ, சிலிண்டரிலிருந்து குழாய் கேஸுக்கோ மாறுகிறவர்கள் ஜெட் மாற்றாமல் பற்ற வைக்காதீர்கள்.

அம்மன்_கோவில்_தெரு_அக்கா:

ஒரு சின்ன விஷயம் சேர்த்துக்கொள்கிறேன். கழற்றின அடுப்பின் கேஸ் போகும் முனைக்கு ஒரு பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். வண்டியிலும் மூலையிலும் கிடக்கும்போது பூச்சி உள்ளே போய்க் கூடு கட்டிவிடும், அப்புறம் ஒரு பர்னர் மட்டும் சிணுங்கிச் சிணுங்கி எரியும். பர்னர் மூடிகளையும் தாங்கிகளையும் தனியாகத் துணியில் சுற்றிக் கட்டுங்கள், கண்ணாடி மேல் உருண்டால் கீறும்.

பெரம்பூர்_மகன்:

சனிக்கிழமை சாயங்காலம் எழுதுகிறேன். முடிந்தது. காலை ஏழு மணிக்கு அம்மா கடைசியாகக் காபி போட்டார், அந்தத் தீ எரியும்போதே ரெகுலேட்டரை மூடினேன், மெதுவாகச் சிறுத்து அணைந்தது, திருகுகளை மூடிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். கறுப்பு வளையத்தைத் தூக்கியதும் ரெகுலேட்டர் கையோடு வந்துவிட்டது, இவ்வளவு சுலபமா என்று இருந்தது. மூடியை நான் போடும் முன்பே அம்மா கையில் எடுத்து வைத்திருந்தார், அவரே அழுத்தினார், கிளிக் சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்படியை விட்டு நகர்ந்தார்.

டியூப் வெந்நீர்த் துணிக்கும் வரவில்லை, பிளேயரால் வெட்ட வேண்டியதாயிற்று. வருடம் பார்த்தால் ஏழு வருடம் ஆகியிருக்கிறது, அடுப்புக்குப் பின்னால் இருந்ததால் யாரும் கவனிக்கவே இல்லை, உள்பக்கம் வளைவில் ரப்பர் விரிந்து கம்பி தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு என் மனைவிக்கு உடம்பே நடுங்கிவிட்டது. இரண்டு சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வவுச்சர் வாங்கியாயிற்று. திருச்சியில் புதிய டியூப் வாங்கி மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும் அண்ணா?

பழைய_கேஸ்_மெக்கானிக்:

நல்லது தம்பி. அங்கே சிலிண்டர் வந்ததும் மூடியை எடுத்துவிட்டு, வால்வு வாய்க்குள் வாஷர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாமலோ கிழிந்தோ இருந்தால் கொண்டுவந்தவரை அப்போதே மாற்றித் தரச் சொல்லுங்கள். வாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், குமிழி வந்தால் அந்தச் சிலிண்டரையே வாங்க வேண்டாம். சிலிண்டர் தலைப்பக்கத் தகட்டில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் வருடமும் இருக்கும், ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், பி ஏப்ரலிலிருந்து ஜூன், அப்படியே மூன்று மூன்று மாதமாகப் போகும். அது அடுத்த சோதனைக்கான கெடு, தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

டியூபை இரண்டு பக்கமும் முழுதாக ஏறும் வரை தள்ளுங்கள், முனையை வெந்நீரில் கொஞ்சம் வைத்தால் ஏறும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கட்டும், டியூப் அடுப்புக்கு அடியில் சூடுபடும் இடத்தில் போக வேண்டாம், சுவருக்குள்ளோ கேபினெட் பின்னாலோ மறைக்கவும் வேண்டாம், கண்ணில் பட்டால்தான் அம்மா தினமும் பார்ப்பார். மாட்டியதும் அடுப்புத் திருகு எல்லாம் மூடியபடி ரெகுலேட்டரைத் திறந்து, சோப்பு நுரையை இரண்டு முனையிலும் ரெகுலேட்டர் உட்காரும் இடத்திலும் தடவி ஒரு நிமிடம் பாருங்கள். குமிழி ஊதாவிட்டால் பற்ற வைக்கலாம். புது மூடியைக் குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள், நூலோடு சிலிண்டரிலேயே தொங்கட்டும்.